செத்துப்போன டிவிடி பிளேயரின் ரிமோட்

எங்கள் வீட்டு டீப்பாயில் ஏற்கெனவே மூன்று ரிமோட்: டிவிக்கு, செட்டாப் பாக்ஸுக்கு, ஹோம் தியேட்டருக்கு. ராஸ்பெரி பை (Raspberry Pi) என்ற குட்டிக் கம்ப்யூட்டரில், படம் ஓட்டும் கோடி (Kodi) மென்பொருளைப் போட்டு, ஹார்ட் டிஸ்கில் இருக்கும் பழைய படங்களை டிவியில் வரவைத்ததும் நாலாவதுக்கு எதை வாங்குவது என்ற கேள்வி வந்தது. எனக்கு மட்டும் என்றால் எதுவானாலும் சரி. பார்க்கப்போவது அம்மா.

முதலில் செல்போன் ஆப். படத்தின் பெயரை டைப் செய்து தேட அதைவிட வசதி கிடையாது. ஆனால் பாட்டை நடுவில் நிறுத்த போனை எடுத்து, லாக்கைத் திறந்து, ஆப்பைத் தேடுவதற்குள் குக்கர் நாலு விசில் அடித்துவிடும்.

அப்புறம் ஏர் மவுஸ், காற்றில் அசைத்தால் திரையில் அம்புக்குறி நகரும் ரிமோட். 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ. டிவியை நோக்கி நீட்ட வேண்டாம், அடுப்படியிலிருந்தே அழுத்தலாம். அதன் சிக்னலை வாங்கும் டாங்கிளை யுஎஸ்பி 3 ஹார்ட் டிஸ்குக்குப் பக்கத்தில் செருகியது என் தப்பு. யுஎஸ்பி 3-இன் மின் இரைச்சல் அதே அலைவரிசையில் விழும்; பட்டன்கள் விட்டுவிட்டு வேலை செய்தன. எக்ஸ்டென்ஷன் வயர் போட்டுத் தள்ளி வைத்ததும் சரியானது. ஆனால் அம்மா கை அசையும்போதெல்லாம் திரையில் அம்புக்குறி ஈ மாதிரி பறந்தது. "முதல்ல இதை ஓட்டுடா" என்றார்.

எச்டிஎம்ஐ சிஇசி இருக்கிறதே என்பீர்கள். டிவி ரிமோட்டில் அழுத்துவதை எச்டிஎம்ஐ கேபிளே பைக்குக் கொண்டுபோகும், பைசா செலவில்லை. (டிவி மெனுவில் அந்தப் பெயரில் தேடாதீர்கள். சாம்சங்கில் எனிநெட் பிளஸ், எல்ஜியில் சிம்ப்லிங்க், சோனியில் பிராவியா சிங்க்.) ஒரு நள்ளிரவு கரண்ட் போய் வந்தது. பை தானாக பூட் ஆகி, டிவியையும் எழுப்பி உட்கார வைத்துவிட்டது. கோடி அமைப்பில் அதை நிறுத்திவிட்டேன். ஆனாலும் எங்கள் டிவி ரிமோட்டில் பாஸ் பட்டனே இல்லை.

பரணில் எதையோ தேடும்போதுதான் அது கிடைத்தது. பாலிதீன் உறை போட்டு ரப்பர் பேண்ட் சுற்றிய டிவிடி ரிமோட். பிளேயர் செத்துப் பல வருஷம் ஆகிறது. பிளே பட்டனில் முக்கோணம் முழுக்கத் தேய்ந்திருந்தது, அம்மாவின் கட்டைவிரல் வேலை. புது பென்சில் செல் போட்டு, போன் கேமரா முன்னால் அழுத்திப் பார்த்தேன். வெறுங்கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளி, திரையில் ஊதா வெளிச்சமாக நுனியில் மினுக்கியது. உயிர் இருக்கிறது! வீட்டில் வேறு எந்தப் பெட்டியும் இதன் பேச்சைக் கேட்காது என்பது கூடுதல் சௌகரியம்.

அந்த ஒளியைப் பிடித்துப் பைக்குச் சொல்ல ஓர் ஐஆர் ரிசீவர் வேண்டும். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் கேட்டால் பெரும்பாலும் டிஎஸ்ஓபி 1738-ஐ நீட்டுவார்கள். அது 5 வோல்ட் கேட்கும். பையின் பின்கள் 3.3 வோல்ட்டுக்கு மேல் தாங்காது. டிஎஸ்ஓபி 38238 என்று கேட்டு வாங்கினேன். மூன்று கால், மூன்று வயர், அவ்வளவுதான். ஐஆர் கீடேபிள் (ir-keytable) என்ற புரோகிராமை ஓடவிட்டு ஒவ்வொரு பட்டனாக அழுத்தி, வந்த எண்களைக் குறித்து, கோடி கட்டளைகளோடு சேர்க்க ஒரு மதியம் போனது.

அம்மா இப்போது இருட்டிலும் பார்க்காமலே பாஸ் போடுகிறார். பையின் கரண்டை அப்படியே பிடுங்கக் கூடாது என்பதால், ஓபன் பட்டனை அழுத்தினால் ஒழுங்காக ஷட்டௌன் ஆகும்படி வைத்தேன். அதில் மட்டும் அவருக்கு இன்னும் குறை.

"அழுத்திட்டேன். தட்டு வெளியே வரலையேடா?"