டெங்குவுக்குப் பின் கொட்டிய முடியும் எனக்கு வந்த வைத்திய யோசனைகளும்

டெங்கு காய்ச்சல் விட்டு, உடம்பு தேறி, வேலைக்கும் போகத் தொடங்கிய பிறகுதான் முடி கொட்ட ஆரம்பித்தது. சீவினால் சீப்பு நிறைய முடி. குளித்தால் தண்ணீர் போகும் ஓட்டை அடைத்துக்கொள்ளும். காய்ச்சல் வந்து இரண்டு மூன்று மாதம் ஆகிவிட்டதால் அதையும் இதையும் யாரும் முடிச்சுப்போட்டுப் பார்க்கவில்லை. தண்ணீர் சரியில்லை, ஷாம்பு சரியில்லை, ராத்திரி கண் விழிக்கிறாய் என்று ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள்.

வைத்தியம் சொன்னவர்கள் அதைவிட அதிகம். பக்கத்து வீட்டு அக்கா, ரத்தம் உறிஞ்சும் அட்டைப்பூச்சியைத் தலையில் விடச் சொன்னார். சித்த மருத்துவத்தில் அது பழைய முறைதான். ரத்தம் உறையாமல் தடுக்கும் பொருள் அட்டையின் உமிழ்நீரில் இருப்பதும் உண்மை. ஆனால் அதனால் முடி வளரும் என்பது வேறு பேச்சு. பிளேட்லெட் குறைந்து இப்போதுதான் எழுந்தவளுக்கு ரத்தம் கசியும் வைத்தியம் எதற்கு என்று அன்றே விட்டுவிட்டேன்.

சித்தி சொன்னது சின்ன வெங்காயச் சாறு. தம்பிக்குத் தலையில் ஒரு ரூபாய் அளவுக்குப் புழுவெட்டு விழுந்து, வெங்காயம் தேய்த்துதான் முடி வந்ததாம். இதற்கு ஆய்வே இருக்கிறது. 2002இல் பாக்தாத் மருத்துவர்கள் வெளியிட்டதில், சாறு தேய்த்த 23 பேரில் 20 பேருக்கு ஆறு வாரத்தில் முடி வந்தது. குழாய்த் தண்ணீர் தடவிய 15 பேரில் இருவருக்குத்தான் வந்தது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆட்கள் கொஞ்சம். எவர் தலையில் எது என்று வாசனையே காட்டிக்கொடுத்துவிடும். அதோடு, புழுவெட்டு என்பது உடம்பின் எதிர்ப்புச் சக்தியே முடி வேரைத் தாக்குவது. சிறிய வட்டம் என்றால் பலருக்குத் தானாகவே முளைத்துவிடும். "சித்தி, தம்பிக்கு வந்தது வேற, எனக்கு வந்தது வேற" என்றேன். "ரெண்டும் முடிதானே" என்றார். அதற்கு மேல் நான் என்ன சொல்ல?

அப்புறம் ஒரு முடி சிகிச்சை நிலையம். அங்கே டாக்டரைப் பார்க்கும் முன்பே ஒரு ஆலோசகர் என் தலையில் கேமராவை வைத்துப் பெரிய திரையில் காட்டினார். அவ்வளவு பெரிதாக்கினால் யார் மண்டையும் பயமாகத்தான் இருக்கும். பி.ஆர்.பி. எடுக்கச் சொன்னார்கள். கையில் ரத்தம் எடுத்து, இயந்திரத்தில் சுழற்றி, பிளேட்லெட் செறிந்த மஞ்சள் நீரை மட்டும் பிரித்துத் தலையில் ஊசியாகப் போடுவது. பரம்பரையாக முடி மெலிகிறவர்களில் சிலருக்குப் பலன் தருவதாக ஆய்வுகள் உண்டு, முழு ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். ஆனால் காட்டிய படங்களைக் கவனித்தேன்: 'முன்பு' படத்தில் ஈர முடி, நேர் வகிடு, தலைக்கு மேல் டியூப் லைட். 'பின்பு' படத்தில் காய்ந்து உப்பிய முடி, வகிடும் மாறியிருந்தது. "எனக்கு வந்திருப்பது எந்த வகை?" என்று கேட்டேன். "எல்லா டைப்புக்கும் வேலை செய்யும் மேடம், இன்னிக்கே கட்டினா டிஸ்கவுன்ட்" என்றார். எழுந்து வந்துவிட்டேன்.

அரசு மருத்துவமனைத் தோல் பிரிவில் டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வியே, "மூணு நாலு மாசத்துக்குள்ள காய்ச்சல், ஆபரேஷன், பிரசவம் ஏதாவது உண்டாம்மா?" ஐம்பது அறுபது முடியை விரல்களுக்குள் பிடித்து மெதுவாக நுனி வரை இழுத்தார். கையோடு வந்தவற்றின் அடியில் ஊசிமுனை அளவுக்கு வெள்ளையாக ஒரு குமிழ். டெலோஜன் எஃப்ளூவியம் என்றார். நாளுக்கு 50 முதல் 100 முடி உதிர்வது சாதாரணம். கடும் காய்ச்சலின் அதிர்ச்சியில் நிறைய முடிகள் ஒரே சமயத்தில் வளர்ச்சியை நிறுத்தி, இரண்டு மூன்று மாதம் கழித்து ஒன்றாகக் கொட்டுமாம். பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் தானே அடங்கிவிடும் என்றார்.

ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடம்பில் இரும்புச்சத்து எவ்வளவு சேமிப்பில் இருக்கிறது என்று காட்டுவது), தைராய்டு பார்க்க எழுதிக்கொடுத்தார். முடிக்காக நான் சாப்பிட்டுக்கொண்டிருந்த பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரையைப் பார்த்துவிட்டு, சில நாள் நிறுத்திவிட்டு ரத்தம் கொடுக்கச் சொன்னார். அது தைராய்டு முடிவையே தவறாகக் காட்டலாமாம். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2017இல் இதுபற்றி எச்சரித்திருக்கிறது. கடைசியில் ஃபெரிட்டின்தான் குறைவு. இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார், அதோடு டீ குடிக்காதே என்ற கண்டிப்பும்.

சில மாதத்தில் நெற்றியோரம் குட்டிக் குட்டி முடி எழுந்து நின்றது. அந்த நேரத்தில் எதைத் தடவியிருந்தாலும் பேர் அதற்குத்தான் போயிருக்கும். அட்டைக்கும் சேர்த்துத்தான்.

அண்ணனுக்கு இருப்பது பரம்பரை வழுக்கை. அது காத்திருந்தால் திரும்பாது. அவன் ஊசி உருளை (குட்டி ஊசிகள் பதித்த, தலையில் உருட்டும் கருவி) என்றதும் சிரித்தேன், ஆனால் 2013இல் மும்பையில் 100 ஆண்களிடம் செய்த ஆய்வில், தலையில் தடவும் மினாக்சிடில் மருந்தோடு வாரம் ஒருமுறை ஊசி உருளையும் சேர்த்தவர்களுக்கு, மினாக்சிடில் மட்டும் போட்டவர்களைவிட 12 வாரத்தில் முடி கூடியிருக்கிறது. டாக்டர் சொல்லி இரண்டையும் செய்கிறான். முதல் சில வாரம் கூடுதலாகக் கொட்டலாம், பயந்து நிறுத்தாதே என்றும், பலன் இருந்தால் தொடர்ந்து போட வேண்டும் என்றும் முன்பே சொல்லிவிட்டார்கள். முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். பதினைந்து நாளில் அடர்த்தி என்கிற எண்ணெயை அவன் இப்போது திரும்பியும் பார்ப்பதில்லை.

ஒன்று மட்டும்: முடி போன இடம் தழும்புபோல வழவழப்பாகி, எரிச்சலோ சீழோ இருந்தால் எந்தச் சாறும் தேய்த்துக்கொண்டு காத்திருக்காதீர்கள். வேரே அழிந்துவிட்டால் அங்கே மறுபடி முளைக்காது.