கல்யாணச் சான்றிதழுக்காக அலைந்த ஒரு மே மாதம்

2025 ஆவணியோடு எங்களுக்குக் கல்யாணமாகிப் பத்து வருடம். நான் நர்ஸ். வேலூரில் படித்து, அங்கேயே சில வருடம் வேலை பார்த்துவிட்டு 2019-இல் இங்கிலாந்து வந்தேன். சில மாதம் கழித்து வீட்டுக்காரரும் வந்து சேர்ந்தார். இருப்பது பர்மிங்காம். வந்ததிலிருந்து ஒரு கல்யாண நாளுக்குக்கூட இரண்டு பேருக்கும் சேர்ந்து லீவு அமைந்ததில்லை. ஒரு வருடம் நைட் டூட்டி முடித்து வந்து, அவர் வாங்கி வைத்திருந்த கேக்கைப் பார்த்துக்கொண்டே தூங்கிப்போனேன். அதனால் பத்தாவது வருடம் பாரிஸில் மூன்று நாள் என்று ஜனவரியிலேயே பேசி முடித்து, லீவும் எழுதிக் கொடுத்துவிட்டேன்.

போய் வந்தோம், சந்தோஷமாகத்தான் வந்தோம். ஆனால் அந்த மூன்று நாளுக்காக வேலூர் வெயிலில் நாங்கள் அலைந்தது இன்னும் மனசில் எரிகிறது. நம் ஊர்ப் பிள்ளைகள் நிறையப் பேர் இதே நிலையில் வெளியே இருக்கிறார்கள். அவர்களுக்காவது இந்த அலைச்சல் இல்லாமல் போகட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

இங்கிலாந்தில் நிரந்தர வசிப்பு அனுமதி இருந்தாலும், இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருந்தால் பாரிஸுக்கு ஷெங்கன் விசா (ஐரோப்பாவின் பல நாடுகளுக்கும் சேர்த்துக் கொடுக்கும் ஒரே விசா) வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து கொடுக்கலாம். கடைசி பதினைந்து நாளுக்கு முன்னால் கொடுத்துவிட வேண்டும். ஏப்ரல் முழுக்கத் தேடியும் லண்டனில் ஜூலைக்கு முன்னால் தேதி கிடைக்கவில்லை. மே மாதம் கொழுந்தனார் கல்யாணத்துக்காக மூன்று வாரம் ஊருக்கு வருவதாக இருந்தோம். "அப்படியே சென்னையில குடுத்துடுங்க அண்ணி, அங்க சீக்கிரம் தேதி கிடைக்கும்" என்று சொந்தக்காரப் பையன் ஒருவன் சொன்னான். பார்த்தால் உண்மையாகவே தேதி இருந்தது. எங்கள் பர்மிங்காம் விலாசத்தைப் போட்டுத்தான் பதிவு செய்தோம். அந்த இணையதளம் ஒரு வார்த்தை எச்சரிக்கவில்லை.

வீட்டில் கல்யாண வேலை தலைக்கு மேல் கிடந்தது. அதை விட்டுவிட்டு விடிகாலை காட்பாடியில் ஏலகிரி எக்ஸ்பிரஸ் ஏறினோம். சென்னை விசா மையத்தில் ஒன்றரை மணி நேரம் காத்திருந்தோம். கவுண்டரில் இருந்தவர் பாஸ்போர்ட்டைப் பிரித்துப் பார்த்து, "நீங்க இருக்கிறது யூ.கே.லயா? அப்ப அங்கதான் குடுக்கணும் மேடம்" என்று மூடித் தந்துவிட்டார். எந்த நாட்டில் சட்டப்படி வசிக்கிறோமோ அங்கேதான் கொடுக்கவேண்டும் என்பது விதி. தக்க காரணம் காட்டினால் வேறு இடத்தில் ஏற்றுக்கொள்ள இடம் உண்டு, ஆனால் கல்யாணத்துக்கு ஊருக்கு வந்தது அந்தக் கணக்கில் வராது. விதி சரிதான். அதைத் தேதி கொடுக்கும்போதே சொல்லியிருந்தால் ஒரு நாள் மிஞ்சியிருக்கும். லீவில் ஊருக்குப் போகும்போது அங்கேயே விசா வாங்கிவிடலாம் என்று நினைப்பவர்கள் தயவுசெய்து அந்த யோசனையை விட்டுவிடுங்கள்.

எழுந்திருக்கும்போது பக்கத்து கவுண்டர் அம்மா எங்கள் ஃபைலைப் புரட்டிப் பார்த்துச் சொன்ன ஒரு விஷயத்துக்காகத்தான் அந்தப் பயணம் முழுசும் வீணாகாமல் போனது. "சாருக்கும் நீங்கதானே செலவு பண்றீங்க? அப்ப மேரேஜ் சர்டிபிகேட் ஒரிஜினல் கேப்பாங்க. இது ஜெராக்ஸ் ஆச்சே." என் வீட்டுக்காரர் அப்போது படிப்பு முடித்து வேலை தேடிக்கொண்டிருந்த நேரம், வங்கிக் கணக்கு, சம்பளச் சீட்டு எல்லாம் என் பெயரில்தான். திரும்பும் ரயிலில் அரக்கோணம் தாண்டும்வரை நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. இரண்டு பேருக்கும் ஒரே நினைப்பு. ஒரிஜினல் இருந்தது பாலாற்றங்கரையில் இருக்கும் விருதம்பட்டு வீட்டில், கட்டிலுக்கடியில் இருந்த இரும்புப் பெட்டியில்.

2021 நவம்பரில் பாலாற்றில் வந்த வெள்ளம் எங்கள் பக்கத்து ஆட்களுக்கு மறக்காது. மரமில்லா மலை, நீரில்லா ஆறு, அரசனில்லா கோட்டை என்று எங்கள் ஊரைப் பற்றிச் சொல்லிச் சொல்லி வளர்ந்தவர்கள் நாங்கள். அந்த நீரில்லா ஆறு ஒரே இராத்திரியில் தெருவுக்குள் வந்து நின்றது. அத்தையும் மாமாவும் உயிர் தப்பினால் போதும் என்று மாடி வீட்டுக்குப் போய்விட்டார்கள். பெட்டியை யார் நினைத்தார்கள்? திறந்து பார்த்தபோது சான்றிதழ் நான்காக மடிந்து ஒட்டிப்போயிருந்தது. பிரித்தால் கையெழுத்து இருந்த இடத்தில் வெறும் நீலக் கறை. எங்கள் இரண்டு பேரின் போட்டோவும் கரைந்துபோயிருந்தது. அத்தை அதைக் கையில் வைத்துக்கொண்டு அழுதார்கள். எனக்கும் தாங்கவில்லை.

சரி, நகல் வாங்கிவிடலாம் என்று கிளம்பினோம். முதல் நாள் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் சார்பதிவாளர் அலுவலகம். அக்னி நட்சத்திரம், பத்து மணிக்கே தார் ரோடு கொதிக்கிறது. இரண்டு மணி நேரம் நின்ற பிறகு ஜன்னலில் இருந்தவர் ஜெராக்ஸைப் பாதி பார்த்துவிட்டு, "இது இங்க ரிஜிஸ்டர் பண்ணது இல்லம்மா" என்று தள்ளிவிட்டார். எங்கே போகவேண்டும் என்று கேட்டேன். அடுத்த ஆளைக் கூப்பிட்டார். வெளியே புங்கமரத்தடியில் உட்கார்ந்திருந்த ஒரு வயதான பத்திரம் எழுதுபவர்தான் சீலைக் கண்ணுக்குக் கிட்டே பிடித்துப் படித்து, "கல்யாணம் வள்ளிமலையிலதானே ஆச்சு? அந்தப் பக்கத்து ஆபீஸ்ல போய்க் கேளும்மா" என்றார். காசு கொடுத்தேன், வாங்கவில்லை. பத்து வருடத்துக்கு முன்னால் எங்கே பதிவு செய்தோம் என்பதே எங்களுக்கு நினைவில் இல்லை. கல்யாணம் நடந்த இடத்தை வைத்தும் பதிவு செய்யலாம், வசிக்கும் இடத்தை வைத்தும் செய்யலாம். அதனால் கிளம்புவதற்கு முன் சீலில் இருக்கும் அலுவலகப் பெயரைப் படித்துவிடுங்கள்.

இரண்டாவது நாள் சரியான அலுவலகம், தவறான நாள். வைகாசியில் நல்ல முகூர்த்தம். முகூர்த்த நாள் என்றால் இடம் வாங்குபவர்கள் எல்லோரும் அன்றைக்குத்தான் பத்திரம் பதிய வருவார்கள், கூடுதல் டோக்கன்கூடக் கொடுப்பார்கள். நகல் கேட்டு வந்தவர்களை யார் கவனிப்பார்கள்? மூன்று மணிக்கு எங்கள் முறை வந்தது. "இன்னாம்மா, நம்பரே முழுசா இல்லாம வந்துகிறீங்க?" ஜெராக்ஸ் எடுத்தவர் தாளைச் சாய்த்து வைத்ததில் பதிவு எண்ணின் கடைசி இரண்டு இலக்கம் வெட்டுப்பட்டிருந்தது. பெயரையும் தேதியையும் வைத்துத் தேடக்கூடாதா என்று கேட்டதற்கு, தேடலாம், அதற்குத் தனியாக மனு எழுதிக் கொடுத்துவிட்டுப் பத்து நாள் கழித்து வாருங்கள் என்றார். எங்களுக்குத் திரும்பும் ஃபிளைட்டுக்கு ஒன்பது நாள்தான் இருந்தது.

அந்த எண்ணைக் கண்டுபிடித்துக் கொடுத்தது கல்யாண மாப்பிள்ளை. 2019-இல் என் வீட்டுக்காரரின் விசாவுக்காகச் சான்றிதழை ஸ்கேன் செய்தபோது, பிரிண்ட் எடுத்து வரச் சொல்லி கொழுந்தனாருக்கு ஒரு மெயில் அனுப்பியிருந்தோமாம். எங்களுக்குச் சுத்தமாக மறந்துவிட்டது. நலங்கு வைத்த மஞ்சள் முகத்தில் காயாமல் இருக்க, சுற்றிலும் பெண்கள் பாடிக்கொண்டிருக்க, அவர் செல்போனில் ஆறு வருட மெயிலைத் தோண்டிக்கொண்டிருந்தார். "அண்ணி, இந்தாங்க!" என்று நீட்டினார். முழு எண், தேதி, சீல், எல்லாம் பளிச்சென்று இருந்தது. அந்த நிமிடத்தை நான் ஜென்மத்துக்கும் மறக்கமாட்டேன்.

கல்யாணம் முடிந்த மறுநாளே போய் மனு கொடுத்தோம், இரண்டு நாளில் சான்றிட்ட நகல் வந்துவிட்டது. இரண்டு பிரதி கேட்டு வாங்கினேன்.

இதற்கு நடுவில் அலுவலக வாசலில் ஒருவர், வெளிநாட்டு விசா என்றால் அப்போஸ்டில் முத்திரை (நம் ஆவணம் உண்மையானதுதான் என்று வெளிநாட்டுக்காக அரசு போடும் சான்று) இல்லாமல் செல்லாது, ஆறாயிரம் கொடுத்தால் சென்னையில் முடித்துத் தருகிறேன் என்று விடாமல் கூடவே வந்தார். சுற்றுலா விசாவுக்கு எங்களிடம் கடைசிவரை யாரும் அதைக் கேட்கவில்லை. உங்கள் விசாவின் ஆவணப் பட்டியலில் அந்த வார்த்தை இருந்தால் மட்டும் கொடுங்கள், வாசலில் நிற்பவர் சொன்னார் என்று கொடுக்காதீர்கள்.

எங்கள் சான்றிதழ் தமிழில் இருந்ததால் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து நோட்டரி கையெழுத்து வாங்க சத்துவாச்சாரி கோர்ட் பக்கம் போனோம். அங்கே இன்னொரு சிக்கல். சான்றிதழில் எங்கள் பெயருக்கு முன்னால் இனிஷியல் மட்டும்தான். பாஸ்போர்ட்டிலோ அப்பா பெயர் முழுசாக இருக்கிறது. மொழிபெயர்த்தவர் நல்லது செய்வதாக நினைத்து இனிஷியலை விரித்து முழுப் பெயராகவே அடித்துவிட்டார். மூலத்தில் இல்லாததை மொழிபெயர்ப்பில் சேர்த்தால் நாளைக்கு அதையே போலி என்பார்கள் என்று சொல்லி, அவர் முகம் சுளித்தாலும் திரும்ப அடிக்கவைத்தேன். அதற்குப் பதிலாக, இனிஷியலும் பாஸ்போர்ட்டில் இருக்கும் அப்பா பெயரும் ஒன்றுதான் என்று நாங்களே நான்கு வரியில் ஒரு கடிதம் எழுதி இணைத்தோம். லண்டனில் கேள்வி வந்தபோது அந்தக் கடிதத்தைக் காட்டியதோடு பேச்சு முடிந்தது.

லண்டனில் தேதி ஜூலைக் கடைசியில் கிடைத்தது. ஆளுக்கு 90 யூரோ விசாக் கட்டணம், மையத்தின் சேவைக் கட்டணம் தனி. இன்சூரன்ஸ் குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்கவேண்டும், ஷெங்கன் நாடுகள் முழுவதற்கும் செல்லும் என்று அதில் எழுதியிருக்கவேண்டும். கைரேகை, போட்டோ எல்லாம் இருபது நிமிடத்தில் முடிந்தது. மாட்டிக்கொண்டது ஒரே இடத்தில்தான். "வசிப்பு அட்டை எங்கே?" என்று அங்கிருந்த பெண் திரும்பத் திரும்பக் கேட்டார். இங்கிலாந்தில் அந்த அட்டைகள் 2024 டிசம்பர் 31-ஓடு காலாவதியாகி எல்லாம் இ-விசாவாக மாறிவிட்டது. முந்தின நாள் இராத்திரி வீட்டுக்காரர் ஷேர் கோடு (நம் இ-விசாவை மற்றவர்கள் இணையத்தில் சரிபார்க்கக் கொடுக்கும் எண்) எடுத்துப் பிரிண்ட் போட்டு வைத்திருந்தார். அது இல்லையென்றால் அன்றைக்கும் திரும்பியிருப்போம். அந்தக் கோடு 90 நாள்தான் செல்லும், ரொம்ப முன்னால் எடுத்து வைக்கவேண்டாம். பன்னிரண்டாம் நாள் பாஸ்போர்ட்டுகள் விசாவோடு வீட்டுக்கு வந்தன.

லண்டன் செயின்ட் பாங்க்ரஸிலிருந்து ரயிலில் இரண்டேகால் மணி நேரம்தான். பிரெஞ்சு போலீஸ் லண்டனிலேயே முத்திரை குத்திவிட்டார்கள், இறங்கினால் நேராக ஊருக்குள் நடந்துவிடலாம். 2025 அக்டோபர் 12 முதல் எல்லையில் கைரேகையும் முகமும் பதியும் புதிய முறை தொடங்கியிருக்கிறது, இனிப் போகிறவர்கள் கொஞ்சம் முன்னதாகவே ஸ்டேஷனுக்குப் போங்கள். பாரிஸில் நாங்கள் செய்த ஒரே தவறு லூவ்ர் மியூசியத்துக்குச் செவ்வாய்க்கிழமை போனது. செவ்வாய் அங்கே விடுமுறை. பூட்டிய கதவுக்கு வெளியே கண்ணாடிப் பிரமிடைப் பார்த்துவிட்டு வந்தோம். இருந்த மூன்று நாளில் மறுபடி போக நேரம் அமையவில்லை, அது எனக்கு இன்னும் குறைதான். தீப்பிடித்த நோட்ரடாம் தேவாலயம் 2024 டிசம்பரில் மறுபடி திறந்துவிட்டது, உள்ளே போய்ப் பார்த்தோம். மெட்ரோவில் ஜேப்படி ஜாஸ்தி என்று எல்லோரும் பயமுறுத்தியதால் தாலிச் செயினைப் புடவைக்குள் பின் குத்தி வைத்திருந்தேன்.

கல்யாண நாளன்று மத்தியானம் லாச்சப்பல் போனோம். ஈழத்துத் தமிழர்களின் கடைகள் வரிசையாக இருக்கும் தெரு. மல்லிகைப்பூ இருந்தது. இரண்டு முழம் வாங்கி அவரே தலையில் வைத்துவிட்டார். கடைக்கார அம்மா "எந்த இடம் பிள்ளை?" என்று கேட்டார்கள். வேலூர் என்றதும், தங்கச்சியை அங்கே வைத்தியத்துக்குக் கூட்டிப்போய் இரண்டு மாதம் தங்கியிருந்ததைச் சொல்லி, பூவுக்குக் காசு வேண்டாம் என்றார்கள். கட்டாயப்படுத்திக் கொடுத்தோம்.

சாயங்காலம் செய்ன் நதியில் படகு. ஆறு நிறையத் தண்ணீர், இரண்டு கரையிலும் விளக்கு. அவர் ரொம்ப நேரம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கல்யாணமான புதிதில் பாலாற்றுப் பாலத்தில் பைக்கை நிறுத்தி வெறும் மணலைப் பார்த்துக்கொண்டு நின்றோமே, ஞாபகமிருக்கிறதா என்று கேட்டார். ஞாபகமில்லாமல் என்ன? அங்கிருந்தே அத்தைக்கு வீடியோ கால் போட்டோம். மாமாவும் வந்து திரைக்குள் முகத்தை நுழைத்துக்கொண்டார். படகு ஈஃபில் கோபுரத்தின் அடியில் திரும்பும்வரை பேசிக்கொண்டிருந்தார்கள்.

சான்றிட்ட நகல் ஒன்று இப்போது பர்மிங்காமில் எங்களோடு இருக்கிறது. இன்னொன்றை மாமா பிளாஸ்டிக் கவரில் போட்டு, கட்டிலுக்கடியில் வைக்காமல் பீரோவின் மேல் தட்டில் வைத்திருக்கிறார். லேமினேட் செய்யவேண்டாம், பின்னால் சீல் வைக்க முடியாமல் போகும் என்று போனில் இரண்டு தடவை சொல்லிவிட்டேன்.