சிஆர்பி பத்து மடங்கு ஏறிய கதை

உடம்பில் அழற்சி எவ்வளவு என்று காட்டும் ரத்தப் பரிசோதனை சிஆர்பி. போன முறை 1.1. இந்த முறை 11. லேப் வாசலிலேயே ரிப்போர்ட்டைப் பிரித்துப் பார்த்ததும் விரல் கணுக்கள் கூடுதலாக வலிப்பதுபோல் இருந்தது. அரை மணி நேரத்துக்கு முன்பு ஒன்றும் இல்லை.

பழைய லேப் பூட்டியிருந்ததால் புது இடம். அங்கே கவுன்ட்டரிலேயே கோளாறு தொடங்கிவிட்டது. டாக்டர் சீட்டில் ஈஎஸ்ஆர் (இதுவும் அழற்சியைக் காட்டுவதுதான்), சிஆர்பி என்று இரண்டே வரி. "முடக்குவாதம்தானே, அதுக்குப் பேக்கேஜே இருக்கு" என்று, முடக்குவாதம் உண்டா என்று கண்டறியப் பார்க்கும் ஆர்ஏ ஃபேக்டர், ஆன்டி-சிசிபி எல்லாம் சேர்த்துப் பில் போட்டார் ஊழியர். ஈஎஸ்ஆர் விட்டுப்போனது. ஆர்ஏ ஃபேக்டர், ஆன்டி-சிசிபி இரண்டும் நோயைக் கண்டுபிடித்தபோதே எனக்குப் பாசிட்டிவ். இந்த மாதம் மூட்டு எப்படி இருக்கிறது என்று அவற்றை வைத்துச் சொல்ல முடியாது.

ஈஎஸ்ஆருக்காக மறுநாள் மறுபடியும் ஊசி. நேற்று எடுத்த ரத்தத்திலேயே பார்க்கக்கூடாதா என்றால் கூடாதாம். அந்த ஊழியர் சரியாகச் சொன்னது அது ஒன்றுதான். சிவப்பணுக்கள் ஒரு மணி நேரத்தில் எத்தனை மில்லிமீட்டர் இறங்குகின்றன என்று பார்ப்பதுதான் ஈஎஸ்ஆர். ரத்தம் பழசானால் கணக்கு கெட்டுவிடும்.

டாக்டர் முதலில் சளி, காய்ச்சல் உண்டா என்று கேட்டார். கிருமித் தொற்று இருந்தாலும் சிஆர்பி ஏறுமாம். இல்லை என்றதும் இரண்டு ரிப்போர்ட்டையும் அருகருகே வைத்து, எண்ணுக்குப் பக்கத்தில் இருந்த பொடி எழுத்தைப் பேனாவால் தட்டினார். பழையது ஒரு டெசிலிட்டருக்கு (லிட்டரில் பத்தில் ஒரு பங்கு) இத்தனை மில்லிகிராம். புதியது ஒரு லிட்டருக்கு. 1.1-ம் 11-ம் ஒரே அளவுதான். ஒரு 'டெசி'க்காக இரண்டு ராத்திரி தூங்கவில்லை. லேப் மாறினால் எண்ணைப் பார்க்கும் முன் யூனிட்டைப் பார்த்துவிடுங்கள்.

அப்பாடா என்று எழுந்திருக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. முடக்குவாதம் எவ்வளவு தீவிரமாக இருக்கிறது என்று சொல்லும் டாஸ்-28 மதிப்பெண்ணைப் போன முறை நானே போனில் போட்டுப் பார்த்திருந்தேன். 28 மூட்டுகளில் வலி இரண்டில், வீக்கம் ஒன்றில், என் நிலைமைக்கு நானே தந்தது நூற்றுக்கு 20, சிஆர்பி 1.1. விடை 2.58. 2.6-க்குக் கீழே வந்தால் நோய் அடங்கியிருக்கிறது என்று கணக்கு. ஆனால் அந்தச் சூத்திரத்துக்கு வேண்டியது லிட்டர் அளவு. 11 என்று போட்டால் 3.21.

"எங்க ஃபைல்ல அப்பவே 3.2-ன்னுதானே இருக்கு" என்றார் டாக்டர். மருந்தைக் குறைக்கவே மாட்டேன் என்கிறாரே என்று மூன்று மாதமாக மனதுக்குள் அவரைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

அந்த 2.58-ஐப் படம் பிடித்துத் தங்கைக்கு வேறு அனுப்பியிருந்தேன். அவளிடம் இன்னும் சொல்லவில்லை.