ஸ்ட்ராங்மேன் நாட்குறிப்பு: தேசிய அமெச்சூர் போட்டிக்கு முந்தைய ஆறு வாரம்

செப்டம்பர் 14

ஸ்ட்ராங்மேன் என்றால் கனமான பொருட்களைத் தூக்கியும் சுமந்தும் போட்டியிடும் விளையாட்டு. 105 கிலோ உடல் எடைப் பிரிவுக்கான ஈவென்ட் பட்டியல் வந்துவிட்டது. லாக் பிரஸ் (மரக்கட்டை வடிவ உருளையைத் தலைக்கு மேலே தள்ளுவது) 115 கிலோ, 60 நொடியில் எத்தனை ரெப் (ஒருமுறை தூக்கி முடிப்பது ஒரு ரெப்) முடிகிறதோ அத்தனை. யோக் (எடை ஏற்றிய சட்டகத்தைத் தோளில் சுமந்து நடப்பது) 320 கிலோ, 20 மீட்டர். ஃபார்மர்ஸ் வாக் (இரு கையிலும் எடையைத் தொங்கவிட்டு நடப்பது) கைக்கு 125 கிலோ, 20 மீட்டர் போய்த் திரும்பி மறுபடி 20 மீட்டர். ஆக்ஸில் டெட்லிஃப்ட் (தடித்த பாரைத் தரையிலிருந்து இழுத்து நிமிர்வது) 260 கிலோ, 60 நொடி. கடைசியில் அட்லஸ் ஸ்டோன் (மேடைமேல் ஏற்ற வேண்டிய உருண்டைக் கற்கள்) ஐந்து, 100 கிலோவில் தொடங்கி 160 வரை.

பட்டியல் வந்தால் எல்லோர் கண்ணும் எடைமேல்தான் போகும். முதலில் போட வேண்டியது புள்ளிக் கணக்கு. 16 பேர் கலந்துகொண்டால் ஒவ்வொரு ஈவென்ட்டிலும் முதலிடத்துக்கு 16 புள்ளி, கடைசி இடத்துக்கு 1. ஒரு ரெப்கூட எடுக்காதவருக்குப் பூஜ்யம். ஒருவர் மூன்று ஈவென்ட்டில் முதலிடம், ஒன்றில் ஐந்தாமிடம், ஒன்றில் பூஜ்யம் என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 60. எதிலுமே ஜெயிக்காமல் ஐந்திலும் நான்காமிடம் பிடித்தவருக்கு 65. அமெச்சூர் மேடையில் பட்டம் பெரும்பாலும் இந்த இரண்டாமவருக்குத்தான் போகிறது.

பயிற்சியைப் பிரிப்பதும் இந்தக் கணக்கை வைத்துத்தான். யோக்கில் 11 நொடியை 10.5 ஆக்கினால் ஓரிடம் ஏறலாம். லாக்கில் ஒரு ரெப்பை நான்காக்கினால் நடுவில் நெருக்கியடித்து நிற்கும் கூட்டம் மொத்தத்தையும் தாண்டலாம். அதனால் எது பலவீனமோ அதற்கு வாரத்தில் இரண்டு நாள், மற்றவற்றுக்கு ஒரு நாள். பிடித்த ஈவென்ட்டையே திரும்பத் திரும்பச் செய்வது மனசுக்கு இதம், புள்ளிப் பட்டியலுக்கு நஷ்டம்.

செப்டம்பர் 18

லாக் நாள்.

பார்பெல்லில் (இரு முனையிலும் எடைத் தட்டு மாட்டிய கம்பி) நன்றாகத் தள்ளுபவர்கள் லாக்கில் திணறுவதற்குக் காரணம் உண்டு. பார்பெல் காறை எலும்பை ஒட்டியே உட்காரும். லாக்கின் விட்டம் 30 செ.மீ. என்றால் அதன் எடை மையம் மார்பிலிருந்து 15 செ.மீ. முன்னால் இருக்கிறது. அதை ஈடுகட்ட மேல்முதுகைப் பின்னால் சாய்த்து மார்பையே ஒரு தட்டாக்க வேண்டும். முழங்கை உயர்ந்திருக்க வேண்டும், லாக் தாடைக்குக் கீழே தொண்டையை ஒட்டி இருக்க வேண்டும். முழங்கால் மடக்கி இறங்கும்போது முழங்கை ஒரு விரல் அளவு தாழ்ந்தாலும் லாக் முன்னோக்கி உருளும். அதன்பிறகு எவ்வளவு தள்ளினாலும் அது தலைக்கு மேலே போகாது, முகத்துக்கு முன்னால்தான் போகும்.

தரையிலிருந்து எடுப்பது: இழுத்துத் தொடைமேல் வை, முழங்கைகளால் வயிற்றோடு இறுக்கிக்கொள், இடுப்பை முன்னே தள்ளி மார்புக்கு உருட்டு. இங்கே அடிக்கடி சிக்குவது இடுப்பில் கட்டும் பெல்ட். லீவர் பெல்ட்டின் கொக்கி நேர் முன்னால் இருந்தால் லாக் அதில் மாட்டிக்கொள்ளும், சில நேரம் லீவரே திறந்துகொள்ளும். கொக்கியைப் பக்கவாட்டில் திருப்பிக்கொள்ளலாம், இல்லை லாக்குக்கு மட்டும் வெல்க்ரோ வைத்த மென்மையான பெல்ட் கட்டலாம்.

மார்பில் லாக்கை வைத்துக்கொண்டு மூச்சை அடக்கி நெடுநேரம் நிற்கக் கூடாது. கழுத்தில் அழுத்தம், உள்ளே அடக்கிய மூச்சு, இரண்டும் சேர்ந்தால் கண் இருட்டும். மூச்சு இழு, இறுக்கு, உடனே இறங்கு. மேலே கையை நீட்டிப் பூட்டியதும் தலை கைகளுக்கு நடுவே வர வேண்டும், பாதங்கள் ஒரே வரிசையில் நிற்க வேண்டும், நடுவர் ‘டவுன்’ சொல்லும்வரை இறக்கக் கூடாது. ஒவ்வொரு ரெப்புக்கும் தரையிலிருந்து எடுக்க வேண்டுமா, ஒருமுறை எடுத்தால் போதுமா என்பது விதிக்கு விதி மாறும். முதல் வகையில் 8 ரெப் என்றால் ரெப்புக்கு 7.5 நொடிதான். அது தோளைவிட நுரையீரலையே அதிகம் சோதிக்கும்.

செப்டம்பர் 25

யோக்கைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் தகும். இது காலால் ஜெயிக்கிற ஈவென்ட் என்று நினைக்கிறார்கள். நடு உடம்பு தளர்ந்தால் காலுக்கு அங்கே வேலையே இல்லை.

குறுக்குச் சட்டத்தின் உயரம்தான் முதல் விஷயம். முழங்காலைக் கொஞ்சம் மடக்கி அடியில் நின்று நிமிர்ந்தால் யோக்கின் கால்கள் தரையிலிருந்து 5 முதல் 8 செ.மீ. எழ வேண்டும். சட்டம் அதற்கு மேலே இருந்தால் தரையின் சிறு மேடும் தட்டும், தட்டினால் வண்டி நின்றுபோகும். ரொம்பக் கீழே இருந்தால் ஆழமாகக் குந்தி (ஸ்குவாட் போல) எழ வேண்டியிருக்கும், நடக்க வேண்டிய சக்தி எழுவதிலேயே தீரும். உங்களுக்கான துளை எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் போட்டியில் வேறு யோக் இருக்கும் என்பதால் தரையிலிருந்து சட்டம் வரை செ.மீ. அளவும் கையில் இருக்கட்டும்.

சட்டம் கழுத்தில் வேண்டாம், பின்தோள் சதைமேல் உட்காரட்டும். கைகளால் பக்கத்துத் தூண்களை வெளிநோக்கித் தள்ளினால் மேல்முதுகு இறுகும். எழுந்ததும் அரை நொடி நில், ஆட்டம் அடங்கட்டும், பிறகு முதல் அடி. முதல் மூன்று மீட்டர் பொறுமையாக. அடிகள் சாதாரண நடையில் பாதி நீளம்தான். நீட்டி வைக்கிற ஒவ்வொரு அடியிலும் எடை மொத்தமும் ஒற்றைக்காலுக்கு மாறுகிறது, யோக் பக்கவாட்டில் ஊசலாடத் தொடங்குகிறது. ஊசல் தொடங்கிவிட்டால் வேகத்தைக் கூட்டி அதை அடக்க முடியாது. அடியைச் சுருக்கித்தான் அடக்க முடியும்.

எடைத் தட்டுகளுக்குக் கிளிப் போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். தளர்ந்த தட்டு ஒவ்வொரு அடிக்கும் முன்னும் பின்னும் இடித்து நடையின் தாளத்தைக் கெடுக்கும்.

கீழே வைத்து மறுபடி எடுத்தால் மூன்று, நான்கு நொடி போச்சு. ஆனாலும் தூரத்தை முடிப்பவர்கள் அனைவரும் முடிக்காதவர்களுக்கு மேலே வருவார்கள். 14 மீட்டரில் சட்டம் தோளிலிருந்து நழுவினால் விழவிடாமல் வைத்துவிட்டு, மூச்சு வாங்கி, மீதி 6 மீட்டரை நடந்து முடிப்பதுதான் புத்திசாலித்தனம்.

அக்டோபர் 2

ஃபார்மர்ஸ். ஸ்ட்ராப் (மணிக்கட்டைப் பிடியோடு கட்டும் பட்டை) கிடையாது, கை வழுக்காமலிருக்கச் சாக் பொடி மட்டும். கைப்பிடியின் நடுப்புள்ளியில் சாக்கால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். பிடி நடுவிலிருந்து விலகினால் முனை தாழ்ந்து தரையில் இடிக்கும், இல்லையென்றால் குதிகாலில் இடிக்கும். எடுக்கும்போது இதுவும் டெட்லிஃப்ட்தான், அவசரப்பட்டு ஓடிக்கொண்டே எடுக்கக் கூடாது.

திருப்பத்தில்தான் பலருக்கு விரல் திறந்துகொள்கிறது. உடம்பு திரும்பினாலும் கையிலிருக்கும் 125 கிலோ நேராகவே போகப் பார்க்கும். கோட்டுக்கு இரண்டு மீட்டர் முன்பே வேகத்தைக் குறைத்து, சின்ன அடிகளில் அகலமாக வளையவும். விதி அனுமதித்தால் இன்னொரு வழி உண்டு: கோட்டைத் தாண்டி வைத்துவிட்டு, கைப்பிடிகளுக்கு நடுவிலேயே உடம்பைத் திருப்பி மறுபடி எடுப்பது. பிடி பலம் குறைந்தவருக்கு இது லாபம், ஏனென்றால் விரல்களுக்கு ஒரு நொடி ரத்தம் ஓடும். பிடி இரும்பாக இருப்பவருக்கு வீண் செலவு.

அக்டோபர் 11

கடைசி கனமான டெட்லிஃப்ட். இதற்குப் பிறகு போட்டிவரை முதுகுக்குப் பெரிய வேலை கிடையாது. தோள் ஒரு வாரத்தில் மீளும், கீழ்முதுகுக்கு இரண்டு வாரம் வேண்டும்.

ஆக்ஸில் சுமார் 50 மி.மீ. தடிமன், வளையாது. டெட்லிஃப்ட் பாரில் பார் முதலில் வளைந்து, தட்டுகள் பிறகுதான் தரையை விடும். ஆக்ஸிலில் மொத்த எடையும் ஒரே கணத்தில் கைக்கு வருகிறது. வெடுக்கென்று இழுத்தால் முதுகு வளையும். முதலில் கையைத் தொங்கவிட்டு எடையை உணர்ந்து, பிறகு காலால் தரையை அழுத்தவும்.

எட்டு வடிவ ஸ்ட்ராப்புக்கு இந்த விளையாட்டின் டெட்லிஃப்டில் பெரும்பாலும் அனுமதி உண்டு. ஸ்ட்ராங்மேன் வீரர்களில் 2016இல் எடி ஹால் தூக்கிய 500 கிலோவும், 2020இல் ஹாஃப்தோர் பியோர்ன்சன் தூக்கிய 501 கிலோவும் ஸ்ட்ராப் கட்டி எடுத்தவைதான். ஸ்ட்ராப் இல்லாமல் தூக்கும் பவர்லிஃப்டிங் போட்டிக் கணக்கோடு இவற்றை ஒப்பிடுவது பொருந்தாது. ஸ்ட்ராப்பின் அளவு மணிக்கட்டில் பொருந்துகிறதா என்று முன்பே சோதியுங்கள். பெரிதாக இருந்தால் பார் விரல் நுனிக்கு இறங்கிவிடும்.

60 நொடியை 10 நொடி ஓட்டமாகத் தொடங்கிவிடாதீர்கள். முதல் நான்கு ரெப் சீராக, பிறகு ஒவ்வொன்றுக்கும் ஒரு மூச்சு. தரையில் அடித்து எழும்பும் பாரை எடுப்பதைச் சில நடுவர்கள் ஏற்பதில்லை, விதிமுறைக் கூட்டத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அக்டோபர் 14

கடைசி ஸ்டோன் பயிற்சி.

கான்கிரீட் கல்லின் கணக்கு கண்ணை ஏமாற்றும். 43 செ.மீ. விட்டம் என்றால் சுமார் 100 கிலோ. 50 செ.மீ. என்றால் ஏறக்குறைய 157. ஏழே சென்டிமீட்டர் கூடினால் எடை ஒன்றரை மடங்கைத் தாண்டுகிறது, கூடவே கை சுற்றிப் பிடிக்கிற பரப்பும் மாறுகிறது. 2020இல் ஸ்ட்ராங்மேன் வீரர் டாம் ஸ்டோல்ட்மன் 286 கிலோ கல்லைத் தூக்கினார். அவரது உயரமும் கைநீளமும் இல்லாதவர்கள் அவர் பாணியை அப்படியே பின்பற்றக் கூடாது.

கல்லுக்கு மேலே நின்று, விரல்களை முடிந்தவரை அடியில் விரித்துக் கொடுத்து, கையை நீட்டியபடியே இழுக்க வேண்டும். முழங்கையை மடக்கித் தூக்கப் பார்த்தால் பைசெப்ஸ் (மேல்கையின் முன்புறத் தசை) தசைநாண் அறுந்துபோகும் அபாயம் உண்டு. தொடையில் உட்காரவைத்ததும் கையை மேலே மாற்றிப் பிடி, கல்லை மார்போடு அணை, எழும்போது இடுப்பை முழுசாகத் திற. மேடை மார்புக்கு மேலே இருந்தால் இடுப்பு திறக்கிற அந்த உந்துதலில்தான் கல் ஏறும், கையால் ஏற்றுவது நடக்காது.

டாக்கி என்பது பிசினால் ஆன பசை. குளிரில் கட்டியாகும், வெயிலில் ஒழுகும். குளிர் நாளில் டப்பாவை உடம்போடு வைத்துச் சூடாக்கவும், வெயில் நாளில் நிழலில் ஐஸ் பெட்டிக்குள் வைக்கவும். முன்கை, உள்ளங்கை, விரல்கள், மார்பில் கல் படுகிற இடம் எல்லாவற்றிலும் மெல்லிய படலம் போதும். சாக் பொடியும் டாக்கியும் சேரவே கூடாது, சேர்ந்தால் பசை செத்துவிடும். ஃபார்மர்ஸ் முடிந்த கையைக் கழுவி உலர்த்தாமல் டாக்கி தடவுகிறவர்களை ஒவ்வொரு போட்டியிலும் பார்க்கலாம். முதல் கல்லே வழுக்கும்.

முன்கைக்கு ஸ்லீவ் அல்லது டேப் போட்டிருந்தால் தோல் பிழைக்கும். கல்லின் மேல்பரப்பு சொரசொரப்பாக இருக்கிறதா, வழவழப்பாக இருக்கிறதா என்பதையும் முன்கூட்டியே தொட்டுப் பார்த்துவிட வேண்டும்.

அக்டோபர் 19

செட்களை (நிறுத்தாமல் எடுக்கும் ரெப் தொகுதிகளை) பாதியாக்கி, எடையை 70 சதவீதத்துக்கு இறக்கும் வாரம். வேகம் மட்டும் குறையக் கூடாது. கனமான லாக் நேற்றோடு முடிந்தது, யோக்குக்கும் ஃபார்மர்ஸுக்கும் 10 மீட்டர் ஓட்டங்கள் போதும். புதன்கிழமைக்குப் பிறகு நடை, நீட்டல் தவிர எதுவும் வேண்டாம்.

உள்ளங்கையில் காய்த்துத் தடித்த தோலைக் குளித்தபின் தேய்த்துத் தட்டையாக்குங்கள். மேடாக விட்டால் ஃபார்மர்ஸில் கிழியும். போட்டிக்கு முந்தின நாள் தேய்க்க வேண்டாம், தோல் மெலிந்திருக்கும்.

உடல் எடை 107க்குள் இருந்தால் உப்பையும் தண்ணீரையும் சரிசெய்தே 105க்கு வரலாம். அதற்கு மேலென்றால் மேல்பிரிவில் போட்டியிடுவது நல்லது. வறண்டுபோன உடம்பால் யோக்கின் அடியில் இறுக்கம் தர முடியாது.

அக்டோபர் 25

எடை பார்த்தாயிற்று. அடுத்த வேலை உப்பு கலந்த திரவமும் சோறும், வயிறு தாங்கும் அளவுக்கு, கொஞ்சம் கொஞ்சமாக. புது உணவு எதுவும் இன்று தொடங்கக் கூடாது.

விதிமுறைக் கூட்டத்தில் கூச்சப்படாமல் கேட்க வேண்டியவை: யோக்கை எத்தனை முறை கீழே வைக்கலாம்? ஃபார்மர்ஸில் கோட்டைத் தாண்ட வேண்டியது கைப்பிடியின் எந்த முனை? டெட்லிஃப்டில் தொடையில் தாங்கித் தாங்கி ஏற்றலாமா? ஸ்டோனில் நேரம் எப்போது நிற்கும், கல் மேடையைத் தொட்டதும் என்றா, கையை விட்டதும் என்றா? நடுவரின் கைச் சைகையைக் காட்டச் சொல்லிப் பார்த்துக்கொள்ளுங்கள். பார்வையாளர்களின் இரைச்சலில் குரல் கேட்காது.

அக்டோபர் 26

முதல் ஈவென்ட்டுக்குப் பிறகு வரிசை மாறும். பெரும்பாலும் புள்ளி குறைந்தவர் முதலில், முன்னிலையில் இருப்பவர் கடைசியில். வார்ம்அப்பைக் கடிகாரம் பார்த்துச் செய்யாமல், உங்களுக்கு முன்னால் எத்தனை பேர் என்று பார்த்துச் செய்யுங்கள். ஆளுக்கு இரண்டு நிமிடம் என்றால் முன்னால் எட்டுப் பேர் இருக்கும்போதே தொடங்கலாம். கடைசி வார்ம்அப் செட் நான்கு பேர் இருக்கும்போது முடிந்துவிட வேண்டும். டெட்லிஃப்டுக்கு மூன்று செட் போதும், யோக் ஏற்கனவே முதுகைச் சூடாக்கியிருக்கும்.

இடைவேளையில் ஷூவையும் பெல்ட்டையும் கழற்றி, நிழலில் காலை உயர்த்திப் படுக்கவும். மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து, வாழைப்பழமோ ரொட்டியோ. காஃபீனை முதல் ஈவென்ட்டுக்கே மொத்தமாக எடுத்துவிட்டால் ஸ்டோனுக்கு ஒன்றும் மிஞ்சாது.

ஸ்டோனுக்கு முன் புள்ளிப் பட்டியலைப் பாருங்கள். நான்கு கல் ஏற்றினால் இடம் உறுதி என்றால் நான்கையும் வேகமாக முடித்துவிட்டுத்தான் ஐந்தாவதைத் தொட வேண்டும். சம எண்ணிக்கை வந்தால் நேரம்தான் தீர்க்கும்.

டாக்கியைச் சோப்பு எடுக்காது. சமையல் எண்ணெயோ பேபி ஆயிலோ தேய்த்து, துணியால் துடைத்து, பிறகு சோப்பு.

அக்டோபர் 28

இரண்டு நாள் கழிந்த உடல்வலி இயல்பு. முழங்கை மடிப்புக்கு அருகே கருநீலமாகக் கன்றியிருந்தாலோ, பைசெப்ஸ் மேலே சுருண்டது போலத் தெரிந்தாலோ அது வேறு விஷயம். முழங்கையை 90 பாகைக்கு மடக்கி, உள்ளங்கையை மேல்நோக்கித் திருப்பி, மறுகை ஆட்காட்டி விரலால் வெளிப்புறத்திலிருந்து மடிப்பில் கொக்கி போல இழுத்துப் பாருங்கள். கயிறு போன்ற தசைநாண் விரலில் மாட்ட வேண்டும். மாட்டவில்லையென்றால் அன்றே எலும்பு மருத்துவரிடம் போக வேண்டும். மாட்டினாலும் கன்றலும் வலியும் இருந்தால் காட்டிவிடுவது நல்லது, பாதி கிழிந்த நாண் இந்தச் சோதனையில் தெரியாமல் போகலாம். முதல் இரண்டு, மூன்று வாரத்துக்குள் தைப்பது சுலபம். தாமதமானால் நாண் சுருங்கி மேலே போய்விடும், அறுவைசிகிச்சை கடினமாகும்.