ஹெரால்டில் ஸ்லோ நிற்கவில்லை: ஏர் லீக்கைத் தேடிப் பிடித்த கதை

ஓட்டத்தில் எங்கள் ஸ்டாண்டர்ட் ஹெரால்டைக் குறை சொல்ல முடியாது. கும்பகோணத்தில் கிளம்பினால் பாபநாசம் தாண்டி அய்யம்பேட்டை வரை சீராகப் போகும். வழியில் ரயில்வே கேட் போட்டிருந்தால்தான் வம்பு. ஸ்லோ, அதாவது ஆக்சிலேட்டரை மிதிக்காதபோது இஞ்சின் ஓடும் வேகம், நிற்காது. ஒரு சமயம் ஏறி அலறும், ஒரு சமயம் இறங்கி அணைந்துவிடும். சோக்கை லேசாக இழுத்தால் அடங்கும். அதாவது பெட்ரோல் கம்மி, இல்லையென்றால் காற்று ஜாஸ்தி.

யாரைக் கேட்டாலும் "எல்லாம் இந்த இ20 பெட்ரோல் பண்ற வேலை" என்றார்கள். இ20 என்றால் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அதில் கொஞ்சம் உண்மை உண்டு. ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய சுமார் 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும். பழைய ஜெட்டில் (கார்புரேட்டரில் பெட்ரோலை அளந்து விடும் துளை) இ20 ஓடினால் கலவை லீனாக, அதாவது காற்று ஜாஸ்தியாகத்தான் இருக்கும். ஆனால் அந்தக் குறை எல்லா வேகத்திலும் தெரிய வேண்டுமே? எங்கள் வண்டி ஆக்சிலேட்டரை மிதித்தவுடன் சரியாகிவிடுகிறது. ஸ்லோவில் திராட்டில் (கார்புரேட்டரில் காற்று வழியைத் திறந்து மூடும் தகடு) மூடியிருப்பதால் மானிஃபோல்டில் (அங்கிருந்து இஞ்சினுக்குப் போகும் குழாய்) உறிஞ்சல் அதிகம், இஞ்சின் எடுக்கும் காற்றோ குறைவு. அப்போது சின்ன ஓட்டைகூடப் பெரிய பங்கு எடுத்துக்கொள்ளும். திராட்டில் திறந்தால் உறிஞ்சலும் விழுந்துவிடும், ஓட்டையும் கணக்கில் வராது. மெக்கானிக்குகள் "ஏர் எடுக்குது" என்பது இதைத்தான்.

வண்டியைப் பற்றி ஒரு வார்த்தை. 1961 முதல் மதராசில் தயாரான கார், வடிவம் இத்தாலிக்காரர் மிக்கெலோட்டியுடையது. இதன் அடிச்சட்டத்தைக் குட்டையாக்கித்தான் இங்கிலாந்தில் டிரயம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் காரைச் செய்தார்கள். இஞ்சினும் அதே குடும்பம். அவர்களுக்கு இரட்டை எஸ்யூ கார்புரேட்டர், நமக்கு ஒற்றை சோலெக்ஸ். பானெட், மட்கார்டு எல்லாம் சேர்ந்து முன்பக்கமாக மொத்தமாகச் சாயும் என்பதால் டயர்மேல் உட்கார்ந்தே வேலை பார்க்கலாம். இந்தச் சுகம் இப்போதைய எந்தக் காரிலும் கிடையாது.

முன்பு வைத்திருந்தவர் மானிஃபோல்டில் துளை போட்டு போல்ட் வைத்து அடைத்திருந்தார். அதில் உறிஞ்சலை அளக்கும் வேக்குவம் கேஜை மாட்டினேன். நல்ல இஞ்சின் ஸ்லோவில் 17 முதல் 21 பாதரச அங்குலம் காட்ட வேண்டும். ஊட்டி, கொடைக்கானல்காரர்கள் உயரத்துக்குக் கொஞ்சம் கழித்துக்கொள்ள வேண்டும். டெல்டாவில் அந்தத் தொல்லை இல்லை. எங்கள் முள் 14இல் ஆடாமல் நின்றது. வால்வு கோளாறு என்றால் முள் துடிக்கும். குறைவாக, நிலையாக நின்றால் ஏர் லீக், அல்லது டைமிங் (பிளக்கில் பொறி விழும் நேரம்) பின்தங்கியிருக்கிறது. டைமிங் லைட் வைத்துப் பார்த்ததில் டைமிங் சரி.

பலர் கார்ப் கிளீனரை அடித்து ஓட்டை தேடுவார்கள். இந்த இஞ்சினில் சைலன்சர் மானிஃபோல்டும் அதே பக்கம், அதுவும் கொதிக்கக் கொதிக்க. கிளீனர் அதில் பட்டால் தீப்பிடிக்கலாம். ஊதுவத்திப் புகையில் பார்க்கலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். பெட்ரோல் பக்கத்தில் நெருப்புக் கங்கா? வேண்டவே வேண்டாம். செடிக்குத் தெளிக்கும் ஸ்ப்ரேயரில் தண்ணீர் எடுத்துக்கொண்டேன். இஞ்சின் சூடேறும் முன்பே மானிஃபோல்ட் பேக்கிங்கில் அடித்தேன், மாற்றமில்லை. கார்புரேட்டர் அடியில் அடித்ததும் சத்தம் மாறி, முள் ஏறி, திரும்ப இறங்கியது. தண்ணீர் ஓட்டையை ஒரு நொடி அடைத்திருக்கிறது.

அதிலும் ஏர் எடுக்கலாம் என்று டிஸ்ட்ரிபியூட்டரின் வேக்குவம் பைப்பை வாயால் உறிஞ்சி நாக்கால் அடைத்துப் பார்த்தேன், பிடித்தது. டயஃப்ரம் நல்லாயிருக்கிறது.

கார்புரேட்டரைக் கழற்றினால் அடியில் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு பேக்கிங், நடுவே கெட்டியாக கம். ஃபிளாஞ்சில், அதாவது நட்டு மாட்டும் காதுகள் உள்ள அடித்தட்டில், இரும்பு ஸ்கேலை வைத்து வெளிச்சத்தில் பிடித்தால் நடுவில் கீற்றுத் தெரிந்தது. எங்கள் தெருவில் பட்டறை வைத்திருக்கும் அண்ணன் பார்த்துவிட்டு, "லீக்குன்னு நட்டை இறுக்கியே காதை வளைச்சிருக்காங்க தம்பி" என்றார். தடித்த கண்ணாடி மேல் எமரி பேப்பரை ஒட்டி, கீற்று மறையும்வரை தேய்த்தோம். பிறகு மெல்லிய ஒற்றைப் பேக்கிங், கம் இல்லை. முள் 17க்கு வந்தது.

ஆனால் மெதுவாக ஊசலாடியது. திராட்டில் தண்டின் முனையில் தண்ணீர் விட்டால் மறுபடி சத்தம் மாறுகிறது. கையால் ஆட்டினாலும் ஆட்டம் தெரிகிறது. தண்டு தேயும், துளையும் தேயும், இந்த வயது கார்புரேட்டரில் சகஜம். லேத்தில் கொடுத்துத் துளையைப் பெரிதாக்கி பித்தளை புஷ் போடச் சொன்னேன். பித்தளைக்குக் கும்பகோணத்தில் பஞ்சமா என்ன! பட்டாம்பூச்சித் தகட்டின் ஸ்க்ரூ கழன்று இஞ்சினுக்குள் போகாதபடி முனையைத் தட்டி வைப்பது முக்கியம்.

இப்போது முள் 18.5இல் நிற்கிறது. அதன்பிறகுதான் ஸ்லோ கலவையைக் கூட்டிக் குறைக்கும் மிக்சர் ஸ்க்ரூவைத் தொட்டேன். அதை முதலில் திருகியிருந்தால் ஓட்டைக்கு ஏற்ப டியூன் செய்ததாகத்தான் ஆகியிருக்கும். ரயில்வே கேட்டில் இப்போது சோக் இல்லாமலே ஸ்லோ நிற்கிறது.

இ20 கணக்கு தனியாக இருக்கிறது. தஞ்சாவூர் வரை ஒரே மூச்சில் ஓட்டி பிளக் நிறம் பார்த்து, வெளுத்திருந்தால் மெயின் ஜெட்டை ஒரு சைஸ் ஏற்றலாம் என்றிருக்கிறேன். அதற்குள் பெட்ரோல் ஹோஸை எத்தனால் தாங்கும் ரகமாக மாற்ற வேண்டும். பழைய ரப்பர் இப்போதே ஊறிப் போயிருக்கிறது.