அப்பச்சி ஜீப்புக்கு ஒரு விலை

6 செப்டம்பர் 2025, சனி

காலையில் காரைக்குடி பக்கத்துப் பள்ளத்தூரிலிருந்து போன். பள்ளிக்கூடத்துச் சிநேகிதன். அப்பச்சி என்று சொல்வது அவனுடைய அப்பாவை. "அப்பச்சி ஜீப்புக்கு ஒரு விலை போட்டுக் குடுடா. நானே எடுத்துக்கலாம்னு இருக்கேன். அண்ணனுக்கும் தம்பிக்கும் பங்குப் பணம் குடுக்கணும். நான் சொன்னா குறைச்சுச் சொல்றேன்னு நினைப்பாங்க. நீ எழுதிக் குடுத்தா பேச்சு வராது."

முப்பத்தொரு வருஷம் இன்சூரன்ஸ் சர்வேயராக இருந்தவன் நான். மோதின வண்டி, எரிந்த வண்டி, கண்மாய்க்குள் இறங்கின வண்டி எல்லாவற்றுக்கும் தொகை எழுதியிருக்கிறேன். ஆனால் அதற்கெல்லாம் கையில் ஓர் அட்டவணை இருந்தது. ஆறு மாதத்துக்குள் என்றால் 5 சதவீதக் கழிவு, ஒரு வருஷத்துக்குள் 15, அப்புறம் வருஷத்துக்கு ஒரு படியாக 20, 30, 40, 50. ஐந்து வருஷம் தாண்டினால் அட்டவணை கைவிரித்துவிடும். கம்பெனியும் வண்டிக்காரரும் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டியதுதான். இந்த ஜீப்புக்கு வயது அறுபத்தொன்று.

நாளைக்கு வருகிறேன் என்றேன். ஆர்.சி. புத்தகத்தைத் தேடி எடுத்து வைக்கச் சொன்னேன்.

7 செப்டம்பர், ஞாயிறு

கொட்டகைக் கதவைத் திறக்கவே இரண்டு பேர் வேண்டியிருந்தது. தார்ப்பாயை இழுத்ததும் செம்மண் தூசி எழும்பி, பத்து நிமிஷம் வெளியே நின்றோம்.

அதற்குள் சென்னையிலிருந்து அவனுடைய அண்ணன் போனில் வந்துவிட்டார். "தம்பி, அது யுத்தத்துல ஓடின ஜீப்பு. நெட்ல பாருங்க, எட்டு லட்சம் போட்டிருக்கான்." நான் வண்டியின் முகத்தைப் பார்த்தேன். முன் கிரில்லில் ஏழு துளை. இரண்டாம் உலக யுத்த காலத்து வில்லிஸ் கம்பெனி ஜீப்புக்கு ஒன்பது. விளக்கும் கிரில்லுக்குள் பதுங்கிச் சின்னதாக இருக்கும். இதில் விளக்கு பெரிசு, பானெட்டும் உயரம். இது சிஜே-3பி. இந்த மாடல் அமெரிக்காவில் வந்ததே 1953-ல்தான். நம் ஊரில் மகிந்திரா செய்து விற்றது. புத்தகத்திலும் 1964 என்றே இருக்கிறது, 'எம்' எழுத்தில் தொடங்கும் பழைய மதராஸ் மாநில நம்பர். இதை அண்ணனிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. "ஆனா அப்பச்சி அப்படித்தான் சொல்லுவாரு" என்றார். அதற்கு நான் என்ன சொல்ல முடியும்!

இனி வண்டி. முதலில் காந்தம். ஒரு சின்னக் காந்தத்தைத் துணியில் சுற்றிப் பாடி முழுக்க ஒட்டிப் பார்த்தேன். பட்டி பார்த்த இடத்தில் காந்தம் வழுக்கும். இடது பின்பக்கம் ஒரு கையகலம் வழுக்கியது, மற்ற இடமெல்லாம் சுத்தத் தகடு. அறுபது வருஷ வண்டிக்கு இது பெரிய விஷயம். அப்புறம் ஸ்க்ரூ டிரைவர். டிரைவர் காலடித் தகட்டில் லேசாகக் குத்தினேன், அப்பளம் மாதிரி உடைந்து கைப்பிடி வரை இறங்கிவிட்டது. காலடியில் விரித்திருந்த சாக்கைத் தூக்கிப் பார்த்தால் கீழே தரை தெரிகிறது. தகட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டங்களில் இரண்டு உளுத்துப்போயிருக்கின்றன. சேசிஸ் மட்டும் தப்பித்திருக்கிறது. முன் ஸ்பிரிங் மாட்டும் இடத்தில் வெடிப்பு இருக்குமோ என்று மண்ணைச் சுரண்டிப் பார்த்தேன், இல்லை.

கடலோரத்து ஜீப்பாக இருந்தால் சேசிஸே போயிருக்கும். இங்கே காற்று வறட்டுக் காற்று. தண்ணீர் தேங்கின இடத்தில் மட்டும்தான் துரு. துரு ஏன் பிடிக்கிறது என்பதையும் ஆராய்கிற ஒரு மத்திய ஆராய்ச்சி நிலையம் 1953-லிருந்து காரைக்குடியில் இருக்கிறது. அங்கிருந்து எட்டிப் பார்க்கும் தூரத்தில் இந்தச் சாக்கு ஈரத்தோடு எத்தனை மழைக்காலம் கிடந்ததோ.

பானெட்டைத் தூக்கினேன். உள்ளே பெட்ரோல் இன்ஜின் இல்லை, டிராக்டர் டீசல் இன்ஜின். ஆர்.சி.யில் எரிபொருள் என்ற இடத்தில் பெட்ரோல் என்று இருக்கிறது. இன்ஜின் நம்பரும் வேறு.

"எண்பத்திரண்டோ மூணோ, அப்பச்சிதான் மாத்தினாரு. பெட்ரோல் கட்டுபடியாகலைன்னு" என்றான்.

அந்தக் காலத்தில் பாதி ஜீப்புக்கு இதுதான் நடந்தது, குற்றம் சொல்ல முடியாது. ஆனால் எனக்கு வேலை கூடிவிட்டது.

11 செப்டம்பர், வியாழன்

காகித வேலை. இன்ஜின் மாற்றினால் ஆர்.டி.ஓ.விடம் அனுமதி வாங்கி ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவு. ஏற்றவில்லை. அப்பச்சி 2011-ல் காலமானார், புத்தகம் இன்னும் அவர் பேரில்தான். பதிவு காலாவதி. புதுப்பிக்கக் கட்டணம் மட்டும் இருபது வருஷம் தாண்டின காருக்கு இப்போது 10,000. போன மாதம்தான் கூட்டினார்கள், அதுவரை 5,000. பசுமை வரி தனி.

பேர் மாற்ற 31-ஆம் நம்பர் படிவம், கூடவே வாரிசுச் சான்றிதழ். அதை எடுத்துப் பார்த்தால் ஐந்து பேர். "மூணு பங்குன்னு சொன்னியே?" என்றேன். "ஆத்தாவும் தங்கச்சியும் கேக்க மாட்டாங்கடா." கேட்பார்களா மாட்டார்களா என்பது எனக்கு வேண்டாம், சட்டப்படி ஐந்து பங்கு. பென்சிலால் ஐந்து என்று எழுதிக்கொண்டேன்.

14 செப்டம்பர், ஞாயிறு

மெக்கானிக் பாயைக் கூட்டிக்கொண்டு போனேன். நாற்பது வருஷமாக ஜீப்பு மட்டும் பார்க்கிற மனுஷர், காதை வைத்தே பாதி சொல்லிவிடுவார். வேறு வண்டியின் பேட்டரியைக் கொண்டுவந்து கொடுத்து, டீசல் வடித்து, காற்று எடுத்து, நாலாவது முயற்சியில் கிளம்பியது. கொட்டகை முழுக்கக் கரும்புகை. உள்ளேயிருந்து ஆச்சி, சிநேகிதனுடைய ஆத்தா, வந்து வாசலில் நின்று பார்த்தார்கள்.

ஊருணிக் கரைக்கு ஓட்டிப் போனோம். ஸ்டீயரிங்கை அரைச் சுற்றுச் சுற்றினால்தான் சக்கரம் யோசிக்கவே ஆரம்பிக்கிறது. பிரேக் மூன்று மிதிக்கு ஒரு பிடி. இரண்டாவது கியரில் காலை எடுத்ததும் கியர் துள்ளி நியூட்ரலுக்கு வந்துவிட்டது. "இந்தப் பெட்டிக்கு அது பிறவிக் கோளாறுண்ணே, கையால பிடிச்சுக்கிட்டே ஓட்டணும்" என்றார் பாய்.

மணலுக்குள் இறக்கி, சின்ன லீவரில் முன் அச்சைச் சேர்த்தோம், பக்கத்து லீவரில் லோ. வண்டி ஒரு நிமிஷம் முனகியது. அப்புறம் முன் சக்கரம் மண்ணைக் கடித்து, தூக்குவதுபோல எங்களை மேட்டுக்குக் கொண்டுபோய் விட்டது. பாய் சிரித்துவிட்டார். டீசலை மிச்சம் பிடிக்கிறேன் என்று முன் ஷாஃப்டைக் கழற்றி எடைக்குப் போட்ட ஜீப்புதான் இந்தப் பக்கம் அதிகம். இதில் எல்லாம் இருக்கிறது, வேலையும் செய்கிறது. நோட்டில் அடிக்கோடு போட்டேன்.

18 செப்டம்பர், வியாழன்

விலை விசாரணை. ஐந்து விலை கிடைத்தது, ஐந்தும் ஐந்து திசை.

பழைய இரும்புக்காரர்: கிலோ முப்பது. வண்டி ஏறக்குறைய ஒரு டன், ஆக முப்பதாயிரம். இது தரை. இதற்குக் கீழே போகாது.

முனீஸ்வரன் கோவில் தெருவில் ஒரு பழம்பொருள் வியாபாரி: ஒரு லட்சம், இன்ஜின் வேண்டாம். எதற்கு என்றேன். பங்களா ஹோட்டல் வாசலில் நிறுத்தி மேலே செடி வைப்பார்களாம்.

நெட்டில் பளபள ஜீப்புகள், நாலரை, ஐந்து லட்சம். பாதிக்கு மேல் அரியானா டப்வாலிப் பக்கத்துச் சரக்கு. பாடி புதுசு, சக்கரம் அகலம், நம்பர் மட்டும் எங்கேயோ கிடந்த பழைய ஜீப்புடையது. அதோடு இதை ஒப்பிட்டால் அத்தங்குடிக் கல்லையும் டவுன் கடை டைல்ஸையும் சதுர அடிக் கணக்கில் ஒப்பிட்ட மாதிரி. அந்த விலையைக் கோடு போட்டு அடித்துவிட்டேன்.

அண்ணன் சொன்ன எட்டு லட்சத்தையும் துருவினேன். புதுக்கோட்டைப் பக்கத்து வண்டி, அசல் பெட்ரோல் இன்ஜின், காகிதம் சுத்தம். விற்றவரிடமே பேசிவிட்டேன். எட்டு கேட்டார், ஏழு மாதம் கிடந்தது, ஐந்து அறுபதுக்குப் போனது. கேட்கிற விலையை யாரும் அழிப்பதில்லை, அது நெட்டில் அப்படியே நிற்கிறது. போன விலையை யாரும் எழுதுவதில்லை.

எனக்கு நிஜமாக உதவினது திருமயம் பக்கத்து வண்டிதான். இதே மாடல், இதே மாதிரி டீசல், முன் ஷாஃப்ட் கிடையாது, ஓட்டத் தகுதிச் சான்று, அதாவது எஃப்.சி., உண்டு. 3,40,000-க்குக் கைமாறியது. இதை வைத்துக்கொண்டு, அதைவிட நம் வண்டியில் என்ன குறை, என்ன கூடுதல் என்று மட்டும் கணக்குப் போட வேண்டும். புதுசு போல ஆக்க எவ்வளவு ஆகும் என்று மொத்தச் செலவையும் கழிப்பது அநியாயம். திருமயம் வண்டியும் புதுசு இல்லையே.

காலடித் தகடும் சட்டமும் டிங்கரிங் 38,000. பிரேக் 14,000. ஸ்டீயரிங் 8,000. டயர் நாலு 24,000. காகிதம், அலைச்சல் 20,000. மொத்தம் 1,04,000 கழிவு. முன் அச்சு முழுசாக இருப்பதற்கும் வெட்டு ஒட்டு இல்லாத பாடிக்கும் சேர்த்து 35,000 கூட்டினேன். 2,71,000. ரவுண்டாக 2,70,000.

20 செப்டம்பர், சனி

போனில் தொகையைச் சொன்னதும் சிநேகிதனுக்குச் சந்தோஷம். அறிக்கையைக் கொடுக்கப் போனேன். ஆச்சி காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, "அந்தப் பழைய இஞ்சினயும் சேத்துத்தான் சொல்றியளா தம்பி?" என்றார்கள்.

எந்த இன்ஜின்?

"ரெண்டாங்கட்டுல கெடக்குதே. உங்க சிநேகிதருக்குத் தெரியாது, அப்ப ஹாஸ்டல்ல இருந்தாரு. அவுக விக்க மனசில்லாம உள்ள போட்டு வச்சாக."

இரண்டாம் கட்டு என்பது வீட்டின் உட்பகுதி. அங்கே எனாமல் வாளி, பித்தளை அண்டா, ஓலைப் பாய்க் கட்டு எல்லாவற்றையும் நகர்த்தினால் அடியில் சாக்கு மூடி ஒரு பெட்ரோல் இன்ஜின். கார்புரேட்டர் இல்லை. பிஸ்டன் இறுகிவிட்டது, ஃபேனைப் பிடித்துத் தொங்கினாலும் அசையவில்லை. வாட்டர் பம்ப் மாட்டுகிற இடத்துக்கு மேலே ஒரு சின்ன மேடு உண்டு, நம்பரை அங்கேதான் அடித்திருப்பார்கள். மண்ணெண்ணெய் தொட்டுத் தேய்த்து, சாக்பீஸைப் பூசி, விரலால் வழித்தேன். எழுத்துக்குள் மட்டும் வெள்ளை நின்றது. ஒவ்வோர் இலக்கமாகப் படிக்க, சிநேகிதன் ஆர்.சி. புத்தகத்தை வைத்துச் சரிபார்த்தான். கடைசி இரண்டைப் படிக்கும்போது அவன் குரல் இறங்கிவிட்டது. அதே நம்பர்.

அறிக்கையைப் பையிலேயே வைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

22 செப்டம்பர், திங்கள்

இறுகிப்போன இன்ஜின் எடைக்குப் போனால் ஐயாயிரம் தேறுவதே கஷ்டம். ஆனால் இது வண்டிக்குள் திரும்பி உட்கார்ந்தால் புத்தகமும் வண்டியும் ஒன்றாகிவிடும், அனுமதிக்கு அலைய வேண்டாம். இன்னொன்றும் இருக்கிறது. 2021-ல் வந்த மத்திய விதிப்படி, ஐம்பது வருஷம் தாண்டி, சேசிஸ், பாடி, இன்ஜின் மாறாத வண்டிக்கு விண்டேஜ் பதிவு, அதாவது பழம்பெருமை வண்டி என்ற பதிவு, வாங்கலாம். கட்டணம் 20,000, பத்து வருஷத்துக்குச் செல்லும். ஆனால் கண்காட்சி, பேரணி, பெட்ரோல் போட, பழுது பார்க்க என்று தவிர சாதாரணமாக ரோட்டில் ஓட்டக் கூடாது. தோப்பில் தேங்காய் ஏற்றப் போகிற சிநேகிதனுக்கு அது உதவாது. வெளியாள் வாங்கினால் அதற்காகவே வாங்குவான்.

பாயிடம் கேட்டேன். இன்ஜினைப் பிரித்துச் சேர்க்க, லேத் வேலை, கார்புரேட்டர் எல்லாம் சேர்த்து ஒன்றரை லட்சத்துக்குக் குறையாது என்கிறார். புதுக்கோட்டை வண்டிக்கும் இதற்கும் உள்ள இடைவெளியில் அதைக் கழித்து, பிரித்த பிறகு பிளாக் வெடித்திருந்தால் என்ன செய்வது என்ற பயத்துக்கும் ஒரு தொகை கழித்து, 55,000 என்று போட்டேன். மொத்தம் 3,25,000.

இந்த 55,000-ஐ யாராவது 40 என்றாலோ 70 என்றாலோ சண்டை போட மாட்டேன். மற்ற எண்களுக்குப் போடுவேன்.

24 செப்டம்பர், புதன்

சிநேகிதன் சாயங்காலம் வீட்டுக்கே வந்தான். கொஞ்ச நேரம் வேறு என்னவோ பேசினான். அப்புறம், "அந்த இன்ஜினை எழுதித்தான் ஆகணுமா? அது கிடக்கிறது அவங்க யாருக்கும் தெரியாதேடா."

"ஆச்சிக்குத் தெரியும்" என்றேன்.

எழுந்து போய்விட்டான். அறிக்கையை நாலு பேருக்கும் தனித்தனியாக வாட்ஸப்பில் அனுப்பினேன், இன்ஜின் நம்பர் படத்தோடு. ஆச்சிக்கு மட்டும் அச்செடுத்துக் கொடுத்தனுப்பினேன்.

28 செப்டம்பர், ஞாயிறு

நாலு நாளாகப் போன் இல்லை. இன்றைக்கு வந்தது. அண்ணன் எட்டில் ஆரம்பித்தாராம், திருமயம் வண்டிக் கணக்கைப் படித்துவிட்டுச் சரி என்றாராம். சிங்கப்பூர்த் தம்பி இன்ஜின் படத்தைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டானாம். 3,25,000, ஐந்து பங்கு, தலைக்கு 65,000. ஆச்சியும் பங்கு வேண்டாம் என்று சொல்லவில்லையாம். இதைச் சொல்லும்போது அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது, எனக்கு நிம்மதி.

1 அக்டோபர், புதன், ஆயுத பூஜை

ஜீப்பைக் கழுவி, பொட்டு வைத்து, மாலை போட்டிருந்தார்கள். இரண்டாம் கட்டில் கிடந்த இன்ஜினுக்கும் ஒரு பொட்டு. பூசணிக்காய் உடைத்து, பொரியும் சுண்டலும் வாங்கிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்தேன்.

தேவகோட்டையிலிருந்து தங்கை வந்திருந்தது. பணம் வந்துவிட்டது அண்ணே என்றது. ஆனால் ஒன்று கேட்டது: பின்னாடி இருக்கிற நீளச் சீட்டு தனக்கு வேண்டும், சின்னப் பிள்ளையில் அதில் படுத்துத்தான் குன்றக்குடிக்குப் போகுமாம். பங்குப் பணத்தில் கழிக்கவும் கூடாதாம். அறிக்கையில் அந்தச் சீட்டுக்கு 1,500 போட்டிருந்தேன், ரெக்ஸின் கிழிந்திருக்கிறது. சிநேகிதன் என்னைப் பார்த்தான். பை திறந்து நோட்டை எடுத்தேன். சீட்டு போக 3,23,500. ஐந்தால் வகுத்தால் 64,700. ஆளுக்கு முந்நூறு திரும்ப வர வேண்டும். யாரிடம் கேட்பது என்று இன்னும் முடிவாகவில்லை.