காற்று ஏன் நேராக வீசுவதில்லை?

அழுத்தம் மிகுந்த இடத்திலிருந்து அழுத்தம் குறைந்த இடத்துக்குக் காற்று வீசுகிறது என்று பள்ளியில் படித்தபோது, அதையே முழு விடை என்று எடுத்துக்கொண்டேன். பல ஆண்டுகள் கழித்து வானிலை வரைபடம் ஒன்றை நிதானமாகப் பார்த்தபோதுதான் ஐயம் எழுந்தது. சம அழுத்தக் கோடுகளைக் குறுக்கே கடந்து தாழ்வழுத்த மையத்துக்குள் பாய்ந்திருக்க வேண்டிய காற்று, அம்புக்குறிகளின்படி அந்தக் கோடுகளை ஏறத்தாழ ஒட்டியே சுற்றிக்கொண்டிருந்தது. பாடம் பொய்யன்று, பாதியில் நின்றுவிட்டது.

தொடக்கம் வெப்பத்தில்தான் இருக்கிறது. நிலநடுக்கோட்டுப் பகுதியில் சூரியக் கதிர்கள் ஏறக்குறைய செங்குத்தாக விழுவதால், அங்கே சூடாகும் ஈரக்காற்று மேலெழுந்து, மழையைப் பொழிந்து, உயரத்தில் இரு துருவங்களை நோக்கியும் பரவி, சுமார் 30 பாகை அட்சரேகையை ஒட்டிக் கீழிறங்குகிறது. உலகின் பெரும் பாலைவனங்கள் பலவும் இந்த இறங்குமுகக் காற்றின் கீழே அமைந்திருப்பது தற்செயலன்று. இறங்கிய காற்றின் ஒரு பகுதி தரையை ஒட்டி நிலநடுக்கோட்டுக்கே திரும்புகிறது. பூமி சுழலாமல் இருந்தால் அது நேர் வடக்கிலிருந்தோ நேர் தெற்கிலிருந்தோ வந்திருக்கும்.

பூமியோ சுழல்கிறது. நிலநடுக்கோட்டில் தரை மணிக்கு ஏறத்தாழ 1,670 கி.மீ. வேகத்தில் கிழக்கு நோக்கி நகர, 60 பாகையில் அந்த வேகம் பாதியாகிவிடுகிறது. சுழலும் தரையில் நின்று பார்க்கும் நமக்கு, நெடுந்தொலைவு செல்லும் காற்று வடகோளத்தில் தன் வலப்பக்கமாகவும் தென்கோளத்தில் இடப்பக்கமாகவும் விலகுவதாகத் தெரிகிறது. நான் பார்த்த வரைபடத்தில் காற்று மையத்துக்குள் பாயாமல் கோடுகளை ஒட்டிச் சுற்றியதும் இந்த விலகலால்தான். ஆகவே திரும்பி வரும் காற்று, வடகோளத்தில் வடகிழக்கு வியாபாரக் காற்றாகவும் தென்கோளத்தில் தென்கிழக்கு வியாபாரக் காற்றாகவும் வீசுகிறது. (காற்றுக்கு அது வரும் திசையை வைத்தே பெயர். வடக்கிலிருந்து வருவதை வாடை என்றும் தெற்கிலிருந்து வருவதைத் தென்றல் என்றும் அழைத்த நமக்கு இது புதிதன்று.)

1686-இல் எட்மண்ட் ஹாலி இந்தக் காற்றுகளை வரைபடமாக்கி, வெப்பமே காரணம் என்று சரியாகச் சொன்னார். ஆனால் அவை கிழக்கிலிருந்து வருவதற்கு, சூரியன் நாள்தோறும் மேற்கு நோக்கிச் செல்வதைக் காரணமாகக் காட்டினார். பூமியின் சுழற்சியைக் காரணமாக்கியவர் ஜார்ஜ் ஹாட்லி, 1735-இல். இந்த விலகலுக்குத் தம் பெயரைத் தந்த கொரியாலிஸ், 1835-இல் தம் கட்டுரையை எழுதியபோது சுழலும் இயந்திரங்களைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தார் என்பது எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது.

ஒவ்வொரு அரைக்கோளத்துக்கும் மூன்று சுழற்சி வளையங்களை ஒழுங்காக அடுக்கிக் காட்டும் பாடநூல் படத்தை நான் முழுமையாக நம்புவதில்லை. நிலநடுக்கோட்டில் எழுந்து 30 பாகையில் இறங்கித் திரும்பும் முதல் வளையம் ஓரளவு படத்தில் உள்ளபடியே இயங்குகிறது. நடு அட்சரேகைகளில் இருப்பதாக வரையப்படும் இரண்டாவது வளையமோ, ஓயாமல் நகரும் புயல்களின் போக்கை நீண்டகாலத்துக்குச் சராசரி எடுத்தால் மட்டுமே தெரியும் ஒன்று. அங்கே உண்மையில் ஆள்பவை மேற்கிலிருந்து வரும் மேலைக் காற்றுகளும், சுமார் 10 கி.மீ. உயரத்தில் விரையும் ஜெட் காற்றோட்டமும்தான். தென்கோளத்தில் 40 பாகைக்கு அப்பால் தடுக்க நிலம் அதிகமில்லாததால், மேலைக் காற்று அங்கே மூர்க்கமாகவே வீசுகிறது.

கடற்கரைக்கு வந்தால் கதை எளிதாகிறது. பகலில் நிலம் விரைவாகச் சூடேறுகிறது, கடல் மெதுவாக. நிலத்தின் மேல் அழுத்தம் சற்றுக் குறைய, கடற்காற்று உள்ளே வருகிறது. இரவில் நிலம் முந்திக் குளிர்ந்துவிடுவதால் வலுக்குறைந்த நிலக்காற்று கடலை நோக்கிச் செல்கிறது. பள்ளிப் பாடம் ஏறத்தாழ அப்படியே பொருந்தும் இடம் இதுதான். பூமிச் சுழற்சியின் விளைவு தெரியப் பல மணி நேரம் வேண்டும். கடற்காற்றுக்குப் பெரும்பாலும் அத்தனை அவகாசம் இல்லை. எனினும் நிலநடுக்கோட்டிலிருந்து விலகிய கரைகளில், காலையில் நேராக உள்ளே வந்த காற்று மாலைக்குள் கரையை ஒட்டிச் சாயத் தொடங்குவதும் உண்டு. மலைச்சரிவுகளில் பகலில் மேலேறி இரவில் கீழிறங்கும் காற்றும் இதே இனம்தான். அண்டார்க்டிகாவில் பனிமேட்டின் மேல் குளிர்ந்து கனத்த காற்றோ, தன் எடையாலேயே சரிவில் வழிந்து கரையோரத்தில் புயலின் வேகத்தை எட்டிவிடுகிறது.

பருவக்காற்றைப் பெரியதொரு கடற்காற்று என்று ஹாலி கருதினார். இன்றும் பலர் அப்படியே விளக்குகிறார்கள். நிலமும் கடலும் வெவ்வேறு அளவில் சூடாவது அதில் முக்கியப் பங்கு வகிக்கிறது என்றாலும், அந்த விளக்கம் எனக்குப் போதவில்லை. வடகோளக் கோடையில், வியாபாரக் காற்றுகள் வந்து சேரும் மழைப்பட்டை சூரியனைப் பின்தொடர்ந்து வடக்கே நகர்கிறது. இந்தியப் பெருங்கடலில் அதைத் தேடிவரும் தென்கிழக்கு வியாபாரக் காற்று, நிலநடுக்கோட்டைத் தாண்டிய பிறகு இடப்பக்கம் விலகுவதை விட்டு வலப்பக்கம் வளையத் தொடங்கி, தென்மேற்குப் பருவக்காற்றாக நிலத்தை வந்தடைகிறது.